சம்பளம் கொடுக்க உண்டியல் குலுக்கலாமா?

வணக்கம். பேச அழைத்ததற்கு நன்றி. நான் டல்லாஸ் பக்கம் குடியிருக்கிறேன், கணக்கு எழுதுவது தொழில், சனிக்கிழமை வந்தால் கல்லூரிக் கால்பந்து. நம் ஊரில் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் இல்லை இது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, விழுந்து எழுந்து ஆடுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஸ்டேடியத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆடுவது கல்லூரிப் பையன்கள், பார்க்க வருவது ஊர் முழுக்க.

இந்தப் பையன்களுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ரசிகர்களும்தான். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பையன்களுக்குக் காசு போகிறதே என்று இல்லை, அது எப்போதோ போயிருக்க வேண்டும். அது வரும் வழிதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

என் வீட்டிலிருந்து கார் எடுத்தால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் எஸ்.எம்.யூ.வின் கதையைச் சொன்னாலே விஷயம் புரிந்துவிடும். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். 1980களின் தொடக்கத்தில் எரிக் டிக்கர்சன் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் அங்கே ஆடிய காலத்தில் நாட்டிலேயே முன்வரிசை அணி. அந்த அணிக்குப் பின்னால் டல்லாஸின் பணக்காரர்கள் நின்றார்கள். பூஸ்டர் என்பார்கள், கல்லூரிக்கு நன்கொடை கொடுத்து அணியைத் தூக்கி நிறுத்தும் ஆட்கள். ஆட்டக்காரர்களுக்கு எந்தக் காசும் தரக்கூடாது என்பது என்.சி.ஏ.ஏ. என்ற விளையாட்டு அமைப்பின் விதி. இவர்கள் கமுக்கமாகக் கொடுத்தார்கள். 1985ல் மாட்டி, தண்டனை வந்தது. அதற்கப்புறமும் நிறுத்தவில்லை. பையன்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, பாதியில் கைவிட முடியாது என்று 13 பேருக்கு மாதம் 50 டாலரிலிருந்து 725 டாலர் வரை, மொத்தம் ஏறக்குறைய 61,000 டாலர் கொடுத்தார்கள். 1987 பிப்ரவரியில் என்.சி.ஏ.ஏ. அந்த வருட சீசனையே ரத்து செய்தது. ‘மரண தண்டனை’ என்றே இன்றும் அதற்குப் பெயர். ஒரு வாரம் கழித்து, அப்போது டெக்சாஸ் கவர்னராக இருந்த பில் கிளெமென்ட்ஸ், கல்லூரி நிர்வாகக் குழுத் தலைவராகத் தானும் அந்தப் பட்டுவாடாவுக்குச் சம்மதித்ததை ஒப்புக்கொண்டார். மாநில கவர்னர்! அடுத்த வருடமும் அணி களமிறங்கவில்லை. பௌல் என்று சொல்லும், சீசன் முடிவில் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டத்தில் மறுபடி ஆட 2009 வரை ஆனது.

இப்போது 2022க்கு வாருங்கள். அதே எஸ்.எம்.யூ., அதே டல்லாஸ் பணம். ரசிகர்களிடம் பணம் திரட்டும் பூலவார்ட் கலெக்டிவ் என்ற அமைப்பு வெளிப்படையாக அறிவித்தது, கால்பந்து ஆட்டக்காரர்களுக்கும் ஆண்கள் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கும் ஆளுக்கு வருடம் 36,000 டாலர் என்று. 13 பேருக்குக் கமுக்கமாகக் கொடுத்த 61,000 டாலருக்காக ஒரு அணியையே சாகடித்தார்கள். 2022ல் இரண்டு பையன்களின் ஒரு வருடப் பங்கே அதைத் தாண்டியது, யாரும் கேள்வி கேட்கவில்லை.

நடுவில் என்ன மாறியது? 2021 ஜூன் மாதம், கல்லூரி ஆட்டக்காரர்கள் போட்ட ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். வேலை செய்கிறவனுக்கு நியாயமான கூலி தரமாட்டோம் என்று முதலாளிகள் கூடிப் பேசி வைத்துக்கொள்வது வேறெந்தத் தொழிலிலும் செல்லாது என்று நீதிபதி காவனா தனியாகவே எழுதினார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, ஆட்டக்காரர் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று வந்தது. என்.ஐ.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

ஷூ விளம்பரம், கார் ஷோரூம் விளம்பரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மூன்றாம் வரிசையில் நிற்கும் தடுப்பாட்டக்காரனை வைத்து எந்தக் கடைக்காரர் விளம்பரம் எடுப்பார்? அந்த இடத்தில்தான் கலெக்டிவ் நுழைந்தது. ரசிகர்களிடம் மாதம் 10 டாலர், 25 டாலர் என்று சந்தா வாங்கி, பெரிய கைகளிடம் லட்சக்கணக்கில் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. கையெழுத்துப் போட வரச் சொல்வார்கள், ஒரு வீடியோ பேசச் சொல்வார்கள், அதற்குத்தான் காசு என்பது கணக்கு. உண்மையில் அது சம்பளம். எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று யோசிக்கும் பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்கு அதுதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

எஸ்.எம்.யூ. வளாகத்தில் பிஷப் பூலவார்ட் என்று ஒரு சாலை. ஆட்டத்துக்கு முன்னால் மரநிழலில் கூடாரம் போட்டு, இறைச்சி வாட்டும் புகை கண்ணைக் கரிக்க, தாத்தா பேரன் எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் நிற்பார்கள். கலெக்டிவின் பெயரும் பூலவார்ட்தான். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றாது. ஊர்க் கோயில் கொடைக்கு வரி கொடுக்கிற மனசுதான் அது. ஆனால் நம் ஊரில் கொடை முடிந்ததும் வரவு செலவு வாசிப்பார்கள், ஐம்பது ரூபாய் கொடுத்தவரும் எழுந்து கேள்வி கேட்பார். இங்கே சந்தா கட்டுகிறவருக்கு எந்தப் பையனுக்கு எவ்வளவு போனது என்று யாரும் சொல்வதில்லை. பல கலெக்டிவ்கள் தர்ம ஸ்தாபனம் என்று பதிவு செய்துகொண்டு, வரிவிலக்கு உண்டு என்று சொல்லி வசூலித்தன. 2023 ஜூனில் வருமான வரித் துறை, இதில் பெரும்பாலானவற்றைத் தர்ம காரியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று குறிப்பு வெளியிட்டது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் அதைப் படித்தபோது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

2024ல் ஓக்லஹோமா ஸ்டேட் அணி இன்னும் ஒரு படி போனது. ஆட்டக்காரர்களின் ஹெல்மெட்டில், பின்பக்கம், சின்னதாக ஒரு க்யூஆர் கோடு ஸ்டிக்கர். டிவியில் தெரியும்போது போனை நீட்டி ஸ்கேன் செய்தால் அணியின் நிதிக்குக் காசு போகும். டீக்கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கிறதே, அதேதான், ஓடுகிற பையனின் பிடரியில். சீசன் ஆட்டங்களில் அது கூடாது என்று என்.சி.ஏ.ஏ. சொல்லிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்தது. உடம்பைப் பணயம் வைத்து ஆடுகிற பையனின் தலையையே உண்டியலாக்கிவிட்டார்களே என்று.

இந்த ஏற்பாட்டில் பையன்களுக்கும் பிடிமானம் இல்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜேடன் ரஷாடா என்ற குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவருக்கு, 1 கோடியே 38.5 லட்சம் டாலர் தருவதாக ஃபுளோரிடா பல்கலைக்கழக ரசிகர்களின் கேட்டர் கலெக்டிவ் ஒப்பந்தம் போட்டது. காசு வரவில்லை, ஒப்பந்தம் ரத்தானது, 2023 ஜனவரியில் அந்தக் கல்லூரியை விட்டு விடுவித்துக்கொண்டு அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மறு வருடம் ஃபுளோரிடா பயிற்சியாளர் மீதும் ஒரு பூஸ்டர் மீதும் வழக்குப் போட்டார். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸ் யு.என்.எல்.வி. பல்கலைக்கழக அணியில் மாத்யூ ஸ்லூக்கா, மூன்று ஆட்டமும் ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில் பாதியில் வெளியேறினார். 1 லட்சம் டாலர் தருவதாக வாய்வார்த்தை சொன்னார்கள், வரவில்லை என்பது அவர் தரப்பு. அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை என்பது கல்லூரி தரப்பு. எழுத்தில் இல்லாததால் ரசிகர்கள் அந்தப் பையனைத்தான் திட்டினார்கள். அது எனக்குக் கோபம் வந்த இடம்.

பணக்காரர் ஒருவர் பின்னால் இருந்தால் கதை வேறு. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் முன்பு அதே அணிக்கு ஆடிய எண்ணெய்த் தொழிலதிபர் கோடி கேம்ப்பெல் இருக்கிறார். அங்கே 2022லேயே கலெக்டிவ் 100 ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 25,000 டாலர் அறிவித்தது. 2025ல் அந்த அணி பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் பட்டம் வாங்கியது. பக்கத்து ஊர் அணிக்கு அப்படி ஒருவர் இல்லையென்றால், அங்கே பள்ளி ஆசிரியரும் மெக்கானிக்கும் சந்தாவைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் இப்போது வருடா வருடம் கல்லூரி மாறலாம் என்பதால், குளிர்காலம் வந்தால் வசூல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

2025 ஜூனில், ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்டார். பழைய ஆட்டக்காரர்களுக்கு 280 கோடி டாலர் பாக்கி. அப்புறம், கல்லூரிகளே நேரடியாக முதல் வருடம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பிரித்துக் கொடுக்கலாம். சரி, இனி ரசிகர் தப்பினார் என்று நினைத்தேன். ஆனால் டென்னசி பல்கலைக்கழகம், அதற்கு முன்பே, சீசன் டிக்கெட்டில் 10 சதவீதம் ‘திறமைக் கட்டணம்’ என்று சேர்த்துவிட்டது. எல்லாக் கலெக்டிவும் மூடிவிடவில்லை. டிவி உரிமையில் கோடிகள் வருகின்றன, பயிற்சியாளருக்குக் கோடிகள் போகின்றன. டிக்கெட்டுக்கும் கார் நிறுத்தவும் டிவிக்கும் ஏற்கெனவே கொடுத்த மனிதரிடம்தான் நான்காவது தடவையும் கேட்கிறார்கள்.

வேலைக்கு வைப்பவர் யாரோ அவர்தான் சம்பளம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம், அடிபட்டால் வைத்தியம், பேரம் பேச ஒரு சங்கம், இதெல்லாம் அந்தப் பையன்களுக்கு வேண்டும். ரசிகர் கொடுப்பது அன்பில் கொடுப்பது, அதன்மேல் ஒருவன் வீட்டு வாடகையை ஏற்றக்கூடாது.

இதைக் கேட்கிறவர்களில் பலருடைய பிள்ளைகள் இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். நன்கொடை கேட்டு உங்களுக்கும் மின்னஞ்சல் வரும். எனக்கும் ஒன்று வந்தது, எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. நான் மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன். என் காசில் ஆட்டக்காரர் கைக்கு எவ்வளவு போகும், நடத்துகிறவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள், பையன் அடிபட்டு உட்கார்ந்தால் அந்த மாதமும் காசு தருவீர்களா. பதில் வந்தால் இதே வானொலி நிலையத்துக்கு எழுதிப் போடுகிறேன். வணக்கம்.