ஒரு தட்டு வெந்தயம், பதின்மூன்று புள்ளி

அனைவருக்கும் வணக்கம். இங்கே வந்திருப்பவர்களில் பலர் வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்பவர்கள். அதனால் நேரே விஷயத்துக்குப் போவோம்.

மனச்சோர்வுக்குத் தோட்டம் நல்லது என்று கேள்விப்பட்டதும் வீட்டார் என்ன செய்கிறார்கள்? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்துப் பை, பத்து வகை விதை, பூவாளி, மண்வெட்டி எல்லாவற்றையும் மொட்டைமாடியில் இறக்கிவிடுகிறார்கள். முதல் வாரம் வீடே மாடி ஏறும். மூன்றாவது வாரம் தக்காளி நாற்று வாடும். ஐந்தாவது வாரம் பத்துப் பையிலும் காய்ந்த மண்தான் இருக்கும். நமக்கு அது வெறும் மண். சோர்ந்திருப்பவருக்கு அது தனக்கு எதிரான சாட்சி. "ஒரு செடியக்கூடக் காப்பாத்த முடியலையே என்னால" என்று அவர் மனம் ஏற்கெனவே எழுதி வைத்த தீர்ப்புக்குக் கீழே இன்னொரு கையெழுத்து விழுகிறது.

ஆகவே இன்றைய பேச்சு தோட்டம், கோலம் இவற்றின் பெருமையைப் பற்றியது அல்ல. அளவைப் பற்றியது.

பலன் உண்டா என்ற கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1984-இல் ரோஜர் உல்ரிக் என்பவர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளிலும், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 2011-இல் நெதர்லாந்தில் 30 தோட்டக்காரர்களுக்கு முதலில் எரிச்சலூட்டும் ஒரு வேலை கொடுத்து, பிறகு சிலரை அரைமணி நேரம் தோட்டத்திலும் சிலரைப் புத்தகத்தோடும் விட்டார்கள். கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இரு பக்கமும் இறங்கியது. தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. 2016-இல் ஆய்வாளர் கிரிஜா கைமாலின் குழு 39 பேருக்குக் களிமண்ணும் பேனாவும் ஒட்டுப்படத் தாள்களும் கொடுத்து 45 நிமிடம் விட்டபோது, ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அதே ஹார்மோன் குறைந்தது. முன்பே வரையத் தெரிந்தவரா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

எல்லாமே சிறிய ஆய்வுகள்தான். மாத்திரையை நிறுத்திவிட்டு மண்ணைக் கிளறு என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை. மருந்தோடும் ஆலோசனையோடும் சேர்ந்து நிற்கும் துணை இது, அவ்வளவே.

இந்தத் துணை வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. "மனசு சரியானதும் செய்றேன்" என்பார் நோயாளி. மனச்சோர்வில் அந்த வரிசை தலைகீழ். செயல் முன்னே போகும், மனசு பின்னால் வரும். அந்தச் செயல் சிறியதாக இருக்க வேண்டும், நேரம் குறித்ததாக இருக்க வேண்டும், பலன் சீக்கிரம் கண்ணில் பட வேண்டும். மிளகாய் முளைக்கவே பத்து நாளாகும், காய் பறிக்க இரண்டரை மாதம். சோர்ந்த மனதால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. வெந்தயம் மூன்றாம் நாளே மண்ணைத் தள்ளிக்கொண்டு தலை நீட்டும். அதனால் முதல் செடி வெந்தயம்.

ஓர் அடிக்கு ஓர் அடி அகலம், நான்கு அங்குல ஆழமுள்ள பிளாஸ்டிக் தட்டு போதும். அடியில் பென்சில் தடிமனில் எட்டு ஓட்டை போடுங்கள். செம்மண், மக்கிய தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று லிட்டர். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை இரண்டு மூன்று முறை கொட்டி அலச வேண்டும். அலசாவிட்டால் அதில் உள்ள உப்பு முளையின் நுனியைக் கருக்கிவிடும். "முளைச்சுது, அப்புறம் கருகிடுச்சு" என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

சமையலறை வெந்தயத்திலேயே இரண்டு மேசைக்கரண்டி எடுத்து இரவு ஊறவையுங்கள். காலையில் தூவி, அரை அங்குலம் மண் மூடி, பூவாளியால் நனையுங்கள். பிறகு ஒரே விதி: விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். வீட்டுச் செடிகள் தாகத்தால் சாவதைவிட நம் பாசத்தால் சாவதுதான் அதிகம். தண்டு மண்மட்டத்தில் மெலிந்து முளை சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கமும் ஈரமும் சேர்ந்தால் வரும். சாய்ந்ததைப் பிடுங்கி, அக்கம்பக்கத்தைக் கலைத்துவிட்டு, காலையில் மட்டும் தண்ணீர் விட்டால் மிச்சம் பிழைக்கும். இருபது முதல் இருபத்தைந்து நாளில் கீரை.

இரண்டாவது தட்டுக்கு முளைக்கீரை. அந்த விதை பொடியானது. ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு மணல் கலந்து தூவினால் பரவலாக விழும். எறும்பு தூக்கிக்கொண்டு போனால் தட்டைச் சுற்றிக் கொஞ்சம் ரவை போடுங்கள், முதலில் அதைத் தூக்கும்.

அசுவினியோ மாவுப்பூச்சியோ வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிப்பு. கடையில் விற்கும் பூச்சிமருந்து அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டவே கூடாது. உயிரை வெறுத்துப் பேசும் ஒருவர் இருக்கும் வீட்டில் இது தோட்டக்கலை விஷயம் அல்ல, பாதுகாப்பு விஷயம்.

மருந்து சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சில. மனநிலையைச் சீராக்கத் தரும் லித்தியம் எடுப்பவர் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகலாம். அவருக்குக் காலை எட்டு மணிக்கு முன் வேலை, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. குளோர்புரோமசின் போன்ற மனநோய் மருந்துகளில் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் கன்றிப்போகும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். குந்தி உட்கார்ந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்ற வைக்கும் மாத்திரைகளும் உண்டு. தட்டை முக்காலிமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து செய்யட்டும். காலை வெளிச்சத்தில் இருபது நிமிடம் இருப்பது தூக்கத்தின் கடிகாரத்தையும் சீராக்கும்.

இனி வரைவதற்கு வருவோம். வெள்ளைத்தாளையும் வண்ணப்பெட்டியையும் முன்னால் வைத்து "மனசுல இருக்கறத வரை" என்று சொல்லாதீர்கள். வெள்ளைத்தாள் ஒரு தேர்வுத்தாள் மாதிரி. 2005-இல் கரி, காசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், வட்டக் கோலமோ கட்டம் போட்ட வடிவமோ கொடுத்து நிறம் தீட்டச் சொன்னவர்களுக்குப் பதற்றம் தணிந்தது. வெற்றுத்தாளில் இஷ்டப்படி தீட்டியவர்களுக்கு அந்த அளவு தணியவில்லை. கை பிடித்துப் போக ஒரு வடிவம் வேண்டும். அது நம் வாசலில் தினமும் விழுந்து அழிகிறது.

முதல் கோலத்துக்கு நேர்ப்புள்ளி ஐந்து, ஒன்றில் முடிவது: 1, 3, 5, 3, 1. மொத்தம் பதின்மூன்று. சிக்குக் கோலத்தின் விதி எளிது: கோடு புள்ளியைத் தொடக்கூடாது, எல்லாப் புள்ளியையும் சுற்ற வேண்டும், புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒரே கோட்டில் முடியாமல் இரண்டு வளையமாக வந்தால் அது பிழை அல்ல, அதுவும் ஒரு கோலம். கை அடுத்த வளைவைத் தேடும்போது மனம் பழைய வாக்குவாதத்தைத் திரும்பத் திரும்ப ஓட்ட முடியாது. அதைவிட முக்கியம், சாயங்காலத்துக்குள் மிதிபட்டுப் போய்விடும். கோணலாகப் போனாலும் நாளைக்கு அங்கே சாட்சி இல்லை.

தரையில் குனிய முடியாதவருக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. மருந்தால் கை நடுங்கினால் நான்கு சென்டிமீட்டராக்கி, தடித்த ஸ்கெட்ச் பேனா கொடுங்கள். நடுக்கம் தெரியாது. கோலம் பெண்கள் வேலை என்று ஆண்கள் கூசினால் (கூச்சம் அபத்தம்தான், ஆனால் நோயாளியோடு அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்) களிமண் கொடுங்கள். அரைக் கிலோ போதும். சுவர் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் அகல் அல்லது கிண்ணம். நாளிதழ் போர்த்தி நிழலில் நான்கைந்து நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி வெடிக்கும். திரும்பத் திரும்பக் கைகழுவும் கட்டாயம் உள்ளவருக்கு மட்டும் சிகிச்சையாளரைக் கேட்காமல் களிமண் கொடுக்காதீர்கள்.

பார்த்துக்கொள்பவர்களின் வாய்தான் பல நேரம் வேலையைக் கெடுக்கிறது. "ஏம்மா கறுப்பாவே பூசுற?" என்று துருவ வேண்டாம். "சூப்பர், அசத்திட்ட" என்றும் வேண்டாம்; நாளைக்கு அசத்த முடியாதே என்ற பயம் வந்துவிடும். "இந்த வளைவ எங்கேருந்து ஆரம்பிச்சே?" என்று கேளுங்கள். அவர் கையால் காட்டுவார். பேச்சு தானாக வரும்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஒரே நேரம். சமையலறை நாள்காட்டியில் தொடங்கும் முன் ஓர் எண், முடித்தபின் ஓர் எண், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மனநிலை. அவரே எழுதட்டும். இரண்டு வாரத்தில் எண் அசையவில்லை என்றால், அல்லது தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் மருத்துவரிடம் அந்த நாள்காட்டியையே கொண்டுபோங்கள். வாழ்வை முடித்துக்கொள்ளும் பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. தனியே விடாமல் அன்றே அழைத்துப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். நேர்மாறாக, இருமுனை நோய் (சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர் திடீரென்று ஐம்பது பை வாங்கி, நள்ளிரவில் மாடியில் மண் கிளறினால் "ஆர்வம் வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட வேண்டாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இறுதியாக, அறுவடைக்கு மறுநாளைக் கவனியுங்கள். கீரை குழம்பாகிவிட்டது, தட்டு காலி. பலருக்கு அன்றுதான் மறுபடி சரிகிறது. அதனால் முதல் தட்டு பதினைந்தாம் நாளில் இருக்கும்போதே முளைக்கீரைத் தட்டை விதைத்துவிடுங்கள். வெந்தயத்தை எப்போது பறிப்பது, பொரியலா சப்பாத்தியா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்கள் சப்பாத்திக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாலும் சரி.