வழக்கைத் தவிர வேறு பேசுங்கள்

வணக்கம். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய வீட்டில் ஒருவர் உள்ளே இருக்கிறார். அதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம்கூட நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். என் தம்பி நான்கு வருடம் சிறையில் இருந்தான். முதல் வருடம் முழுக்க, அவன் எங்கே என்று கேட்டவர்களிடம் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறான் என்றே சொன்னேன். அதனால் உங்கள் தயக்கம் எனக்குத் தெரியும்.

முதல் முறை அவனைப் பார்க்கப் போனபோது எனக்குக் கிடைத்தது 20 நிமிடம். அத்தனை நேரமும் வழக்கைப் பற்றியே பேசினேன். வக்கீல் என்ன சொன்னார், அடுத்த வாய்தா எப்போது, ஜாமீன் மனு என்ன ஆயிற்று, அன்றைக்கு நீ ஏன் அந்த இடத்துக்குப் போனாய்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நேரம் முடிந்து காவலர் வந்து தோளைத் தொட்டதும், "அம்மா எப்படிக்கா இருக்காங்க?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அழைத்துப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு நான் செய்தது இரண்டு வகையில் தவறு. ஒன்று, அது ஆபத்து. பல சிறைகளில் தொலைபேசிப் பேச்சு பதிவாகிறது. கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள். பார்வையாளர் கூடத்தில் பக்கத்தில் நிற்பவருக்கும் காது உண்டு. "அன்றைக்கு என்னதான் நடந்தது?" என்று அன்போடு நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவர் சொல்லும் பதில், நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகவே வந்து நிற்கலாம். வக்கீலோடு பேசுவது வேறு. அதைக் காவலர் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கக்கூடாது என்று ஐ.நா. விதியே சொல்கிறது. ஆகவே வழக்கை வக்கீலிடம் விடுங்கள்.

இரண்டாவது தவறு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. உள்ளே போனதும் ஒரு மனிதருக்கு எண் கொடுத்துவிடுகிறார்கள். கோப்பில் அவர் ஒரு வழக்கு. காவலருக்கு அவர் ஒரு கைதி. அவரை இன்னும் தம்பி என்றோ அப்பா என்றோ மகள் என்றோ பார்க்கக்கூடியவர்கள் நாம் மட்டுமே. நாமும் போய் வழக்கையே பேசினால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நெல்சன் மண்டேலாவை நினைத்துப் பாருங்கள். 1964இல் அவரை ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஆறு மாதத்துக்கு ஒரு பார்வையாளர், அதுவும் அரை மணி நேரம். குடும்ப விஷயம் தவிர வேறு பேசக்கூடாது. 1968இல் தாய் இறந்தார், மறு வருடம் மூத்த மகன் கார் விபத்தில் இறந்தார். இரண்டு இறுதிச் சடங்குக்கும் அவரை விடவில்லை. 1984இல் வேறொரு சிறையில்தான் மனைவியின் கையைத் தொட முடிந்தது. அதற்கு முன் 21 வருடங்கள் அந்தக் கையைத் தொடவே முடியவில்லை. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 1955இல் வகுத்த குறைந்தபட்ச விதிகளை 2015இல் திருத்தி எழுதியபோது அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்த விதிகளில் சிலவற்றை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 58ஆவது விதி, குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடிதம் வழியாகவும் நேரிலும் முறையாகத் தொடர்புகொள்ள அனுமதிக்கச் சொல்கிறது. 59, முடிந்தவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைக்கச் சொல்கிறது. 68, சிறைக்கு வந்ததையும், வேறு சிறைக்கு மாற்றப்படுவதையும், கடும் நோயையும் காயத்தையும் உடனே வீட்டுக்குத் தெரிவிக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்கிறது. எந்த நாட்டையும் சட்டப்படி கட்டாயப்படுத்தும் வலிமை இவற்றுக்கு இல்லை. ஆனாலும் சிறை அதிகாரிக்கு மனு எழுதும்போது விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். விஷயம் தெரிந்தவர் எழுதுகிறார் என்பது அங்கே உறைக்கும்.

சரி, வழக்கைப் பேசாவிட்டால் எதைப் பேசுவது? நானும் பேனாவோடு உட்கார்ந்து இதே கேள்வியோடு திணறியிருக்கிறேன். "கவலைப்படாதே, தைரியமாக இரு" என்று ஒரு பக்கம் நிரப்பி அனுப்பினேன். பதிலே வரவில்லை. ஒரு நாள் எழுத ஒன்றுமே இல்லாமல், மழையில் வாசல் கதவு உப்பிவிட்டது, சற்றுத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கிறது, அம்மா தினமும் அதைத் திட்டுகிறாள் என்று எழுதினேன். அதற்கு நான்கு பக்கம் பதில் வந்தது. கீல் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, எந்த இடத்தில் இழைக்க வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருந்தான். கைதான பிறகு அவனிடம் யாரும் யோசனை கேட்கவில்லை என்பது அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் நான் வேண்டுமென்றே கேட்க ஆரம்பித்தேன். பையனை எந்தப் பாடத்தில் சேர்க்கலாம், பழைய வண்டியை விற்றுவிடலாமா என்று. சில சமயம் அவன் சொன்னபடியே செய்தேன், செய்ததை எழுதினேன்.

கடிதத்துக்குத் தேதி போடுங்கள், வரிசை எண் போடுங்கள். ஒன்று தொலைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும், உங்கள் மேல் கோபப்பட மாட்டார். நீளமாக எழுத வேண்டாம், குறிப்பிட்ட கிழமையில் எழுதுங்கள். மாதம் ஒரு பத்துப் பக்கத்தைவிட வாரம் பத்து வரி மேல். உள்ளே இருப்பவர் அந்தக் கிழமையை வைத்தே நாளை எண்ணுகிறார். ஆகவே முடியாத வாக்குக் கொடுக்காதீர்கள். ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிப் போகாமல் இருப்பதைவிட, இந்த மாதம் என்னால் வர முடியாது என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. அதேபோல அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை என்றால் உடனே மனம் உடையாதீர்கள். தொலைபேசிக்கு முன்னால் நீண்ட வரிசை இருந்திருக்கும், அறையைப் பூட்டி வைத்திருப்பார்கள், வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள்.

பார்க்கப் போகும் முன் எந்த அடையாள அட்டை, எந்த உடை, யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுப் போங்கள். அட்டையில் என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டேன். உள்ளே அவன் காத்துக்கொண்டே இருந்திருக்கிறான். பணம் கொடுப்பதென்றால் உங்களால் மாதாமாதம் முடிகிற தொகையைச் சொல்லிவிட்டு, சிறைக் கணக்கின் வழியாக மட்டும் அனுப்புங்கள். திடீரென்று பெரிய தொகை கேட்டால், உள்ளே யாராவது மிரட்டுகிறார்களா என்று வக்கீல் மூலம் விசாரியுங்கள். தடை செய்த எதையும், எவ்வளவு கெஞ்சினாலும், கொண்டுபோகாதீர்கள். அடுத்து உள்ளே போவது நீங்களாக இருக்கும்.

முதல் சில நாட்களும், தீர்ப்பு வந்த நாட்களும் மிக மோசமானவை. உயிர் வேண்டாம் என்ற பொருளில் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தால், வீடு திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். அங்கேயே பொறுப்பதிகாரியிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு மரணம் நடந்தாலும் தொலைபேசியில் சட்டென்று போட்டு உடைக்க வேண்டாம். முதலில் சிறை நல அலுவலரிடம் பேசி, கேட்கும்போது அவர் பக்கத்தில் ஒருவர் இருக்கும்படி செய்யுங்கள்.

குழந்தைகளிடம் நான் சொன்ன பொய்யைச் சொல்லாதீர்கள். என் தம்பி மகன் அந்த "வெளியூர்" கதையை ஆறு மாதம் நம்பினான். அப்புறம் பள்ளியில் எவனோ உண்மையைச் சொன்னான். அன்று இரவு அவன் என்னிடம் கேட்டது, "நான் சேட்டை பண்ணதாலதான் அப்பா போயிட்டாரா?" என்றுதான். அப்பா ஒரு தப்பு செய்ததாகச் சொல்கிறார்கள், அதனால் அங்கே இருக்கிறார், உன்னால் இல்லை, உன் மேல் பாசமாக இருக்கிறார். இந்த நான்கையும் அவன் வயதுக்கு ஏற்ற சொல்லில் முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். சிறையில் இருக்கும் பெண்களுக்காக 2010இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகள், குழந்தை வந்தால் தாயைத் தொட்டுப் பேச இடம் கொடுக்கச் சொல்கின்றன. அம்மா உள்ளே இருக்கும் வீடுகளிலிருந்து வந்திருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிப் போய்ப் பார்ப்பதால் என்ன பயன் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரை ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. யாராவது ஒருவர் ஒரு முறையேனும் வந்து பார்த்தவர்கள் மறுபடி பெருங்குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு. அதே அறிக்கை, பிரிந்துபோன மனைவியோ கணவனோ வந்து பார்த்தால் நிலைமை மோசமாவதையும் காட்டுகிறது. ஆகவே மனதில்லாமல் போவது யாருக்கும் உதவாது. உங்களை அடித்தவர் உள்ளே இருக்கிறார் என்றால், போகாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்தச் சொந்தக்காரரும் அதைக் குறையாகச் சொல்ல விடாதீர்கள்.

என் தம்பி ஒரு மாலையில் விடுதலையானான். வழியெல்லாம் பேசவே இல்லை. வெளிச்சமும் வண்டிச் சத்தமும் அவனுக்குத் தாங்கவில்லை, கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தான். என்னென்னவோ பேச நினைத்திருந்த நானும் பேசவில்லை. வீட்டு வாசலில் சாவியை அவனிடம் கொடுத்தேன். திறந்துவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமலே, கதவைச் சற்றுத் தூக்கித் தள்ளினான்.