வீட்டுக்குள் ஒரு தொலைபேசி நிலையம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம் இருக்கிறது. அங்கே பிரையண்ட் பாண்ட் என்றொரு சிற்றூர். மனிதன் நிலவில் கால் வைத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆன பிறகும், அந்த ஊரார் தொலைபேசியின் கைப்பிடியைச் சுழற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொலைபேசி நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தியவர்கள் எல்டன் ஹாத்வே, பார்பரா ஹாத்வே தம்பதியர். ஒரு வீட்டு அழைப்பை இன்னொரு வீட்டோடு கையால் சேர்த்துவிடும் இணைப்புப் பலகை இருந்தது அவர்கள் வீட்டுக்குள்ளேயே.

இப்படிப்பட்ட சிறு நிறுவனங்கள் அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன. தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற கிரஹாம் பெல்லின் மூலக் காப்புரிமைகள் 1893, 1894 ஆண்டுகளில் காலாவதியாயின. அதன்பின் மற்றவர்களும் இந்தத் தொழிலில் இறங்க முடிந்தது. பெல்லின் பெரிய நிறுவனத்துக்கு நகரங்களில்தான் லாபம். பண்ணை வீடுகளுக்குக் கம்பி இழுக்க அதற்கு மனமில்லை. ஆகவே விவசாயிகளும் கடைக்காரர்களும் தாங்களே கம்பம் நட்டார்கள். சில இடங்களில் முள்வேலிக் கம்பியிலேயே பேச்சு ஓடியது.

கைப்பிடியைச் சுழற்றினால் பெட்டிக்குள் இருக்கும் காந்தக் கருவி மின்சாரம் உண்டாக்கும். அது கம்பி வழியே போய், பலகையில் அந்த வீட்டுக்குரிய சிறிய மூடியைக் கீழே விழச் செய்யும். மூடி விழுந்ததைப் பார்த்ததும் ஆபரேட்டர் செருகியைப் பொருத்தி, யார் வேண்டும் என்று கேட்பார். ஒரே கம்பியில் பல வீடுகள் இருக்கும். மணி நீளமாக ஒரு முறை, குட்டையாக இரண்டு முறை அடித்தால் இன்னார் வீடு என்று ஒரு கணக்கு. அடுத்த வீட்டுக்காரர் ரிசீவரை எடுத்தால் உங்கள் பேச்சு அவர் காதிலும் விழும்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதன் இனிமையில் மயங்கிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பலகைதான் கண்ணை உறுத்துகிறது. நள்ளிரவில் பிரசவ வலி, தீ விபத்து, மரணச் செய்தி, எதுவானாலும் மூடி விழும். விழும்போது எதிரே ஒருவர் விழித்திருக்க வேண்டும். மழையென்றும் பனியென்றும் பண்டிகையென்றும் பார்க்க முடியாது. சுமார் நானூறு இணைப்புகள் கொண்ட ஓர் ஊரின் அவசரமெல்லாம் ஒரு குடும்பத்தின் தூக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

1981-இல் ஹாத்வே குடும்பம் நிறுவனத்தைப் பக்கத்திலிருந்த ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நிறுவனத்துக்கு விற்றது. தானியங்கி இணைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊரில் ஒரு சாரார் கொதித்தெழுந்தார்கள். கைப்பிடியைப் பிடுங்காதீர்கள் என்று இயக்கமே நடத்தினார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானதுதான். கூப்பிட்டால் பெயர் தெரிந்த ஒருவர் பதில் சொல்லும் சேவை வேறெங்கே கிடைக்கும்? ஆனாலும் வெளியூருக்கு நேரடியாகப் பேச விரும்பியவர்களையும், யாரும் ஒட்டுக்கேட்காமல் பேச விரும்பியவர்களையும் நாம் குறை சொல்ல முடியாது. விற்ற குடும்பத்தையோ சிறிதும் குறை சொல்ல மாட்டேன்.

1983 அக்டோபர் 11-ஆம் நாள் கைப்பிடிகள் ஓய்ந்தன. அதன் நினைவாக அந்த ஊரில் இன்று ஆளுயரத்தைவிடப் பெரிய ஒரு தொலைபேசிச் சிலை நிற்கிறது. நல்ல காரியம். அதன் பக்கத்தில் ஓர் இணைப்புப் பலகையையும் ஆபரேட்டரின் நாற்காலியையும் சேர்த்தே வடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நன்றி, வணக்கம்.