வழி எங்கே அறுகிறது?

பெற்றோர்களே, வார்டுக் குழு நண்பர்களே, வணக்கம்.

அரசுப் பள்ளியில் 11-ஆம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அதைப் பயமில்லாமல் ஓட்டிப்போக வழி இருக்கிறதா? அதைக் கண்டுபிடிக்க ஓர் அளவுநாடாவும் தெருப்படமும் போதும். பள்ளி தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம், வாசலைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு நடங்கள். பிள்ளைகள் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கும் ஒவ்வொரு இடத்தையும் படத்தில் குறியுங்கள். ஏன் இறங்கினார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: டிரான்ஸ்பார்மர், உடைந்த கால்வாய் மூடி, நிறுத்திய பைக். ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் கணக்கு உதவாது. அன்று அந்தப் பைக்குகள் அங்கே நிற்காது.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் 2012 வழிகாட்டி, குடியிருப்புத் தெருவில் தடையில்லாத நடை அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5 மீட்டர் என்றது. 'தடையில்லாத' என்பதுதான் முக்கியம். மரமும் விளக்குக் கம்பமும் இந்த அளவுக்கு வெளியே நிற்க வேண்டும். சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதியவர்கள் ஏற மாட்டார்கள், எவ்வளவு நல்ல கல் பதித்தாலும் பாதை காலியாகவே கிடக்கும்.

நம் ஊர்களில் அதிகம் கெடுவது வீட்டு வாசல்களில். கார் உள்ளே போக நடைபாதையையே வெட்டித் தாழ்த்திவிடுகிறார்கள். நடப்பவர் வீட்டுக்கு வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, சக்கர நாற்காலி வரவே முடியாது. நடைபாதை மட்டம் மாறாமல் ஓட வேண்டும். கார் ஏறும் சரிவு, சாலையோர விளிம்பில் கம்பங்களுக்கு விட்ட பட்டையோடு முடிந்துவிட வேண்டும். பைக் ஏறாமல் தடுக்கக் குட்டைத் தூண் நடுவதும் முழுத் தீர்வல்ல; சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையும். கண்காணிப்பும் வேண்டும்.

கடக்கும் இடத்துக்கு வருவோம். 14 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 12 நொடி ஆகும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்குப் பதினேழரை நொடி. நடுவில் நின்று போகத் திட்டு வேண்டும். பள்ளி வாசலில் வெறும் வெள்ளைக் கோடு போதாது. கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினால்தான் வண்டி வேகம் குறையும். உயர்த்தும்போது ஓரத்தில் மழைநீர் போகக் குழாய் விட மறக்காதீர்கள். மறந்தால் முதல் மழையிலேயே அங்கே குளம் கட்டும், மறுவாரம் மேடையை இடித்துவிடுவார்கள்.

வண்டிகள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் போகும் தெருவில் மிதிவண்டிக்குத் தனிப்பாதை தேவையில்லை, வேகத்தை அடக்கினால் போதும். பஸ் ஓடும் சாலையில் 2 மீட்டர் அகலத்தில், விளிம்புக்கல் வைத்துப் பிரித்த பாதையே கேளுங்கள். பெயின்ட் கோடு மட்டும் போட்டால் அது பார்க்கிங் ஆகிவிடும். கால்வாய்ச் சல்லடைக் கம்பிகள், மிதிவண்டி போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும்; நீளவாக்கில் இருந்தால் டயர் சிக்கும்.

பணமில்லை என்பார்கள். சென்னை மாநகராட்சியே 2014-இல் நடைக்கும் மிதிவண்டிக்குமான தனிக் கொள்கையை ஏற்றது என்று சொல்லுங்கள். டெண்டர் விடுமுன் சாலையின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, நீங்கள் குறித்த இடங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கல் பதித்த பிறகு டிரான்ஸ்பார்மரை யாரும் நகர்த்த மாட்டார்கள்.