உப்பிட்டவரும் பூவரசும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, மதகுருமார்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அதிபர் அவர்களே, மைக் சரிபார்த்த தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை. எந்தக் கூட்டமானாலும் இவர் இதில்தான் தொடங்குவார் என்று பின்வரிசை சிரிப்பது கேட்கிறது. சரி, சிரியுங்கள். இன்று மூன்று விஷயம்: நம் திருகோணமலை நிலாவெளி வீதி யுத்த மயானம், நம் வீடுகளில் படமாகத் தொங்கும் பிள்ளைகள், அப்புறம் பூவரசு.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் நம் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் போனார்கள். அந்த யுத்தத்தில் செத்தவர்கள் உப்புவெளி தாண்டி வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். நவம்பரில் யுத்தத்தில் செத்தவர்களின் நினைவு நாள் வந்தால் சாரணர் பெடியளான எங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

ஒரு வருடம் மலர்வளையம் என் பொறுப்பு. காசில்லை. அம்மா வேலியில் பூவரசம் குழை ஒடித்து, பிரம்பு வளையத்தில் சுற்றி, நாலு மஞ்சள் பூவும் செருகித் தந்தா. ஊதுகொம்பு ஊதி இரண்டு நிமிட மௌனம். அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு ஓர் ஆடு வந்தது. பெரிய இடத்து வளையங்களை முகர்ந்து பார்த்துவிட்டு நேரே என்னுடையதற்கு வந்தது. அசையக்கூடாதே! மாஸ்டர் கண்ணாலேயே ஆட்டை அதட்டுகிறார். அந்த அமைதியில் கறுக் கறுக் என்ற சத்தம் மட்டும். மௌனம் முடிந்தபோது பிரம்புதான் மிச்சம். ஓர் அதிகாரி அந்த வெறும் வளையத்துக்கும் விறைப்பாக சலூட் அடித்தாரே, அந்த மனுசனை நான் மறக்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை.

இரண்டாவது விஷயம் பெரிய பேச்சு. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

பூவரசுக்கு வருகிறேன். அந்த நவம்பர் நினைவு நாளுக்குப் பொப்பிப்பூ விற்ற காசில் பெரும்பங்கு கடல் கடந்து போகிறது என்று 1930களில் இந்த நாட்டுப் பிள்ளைகள் எதிர்த்து விற்றது சிங்களத்தில் சூரியமல் என்கிற பூ. அது வேறொன்றுமில்லை, நம் வேலிப் பூவரசுதான். இன்று வேலி எல்லாம் மதிலாகிவிட்டது. செத்தவனுக்குச் சூட்டவும் கடையில் பிளாஸ்டிக் பூ வாங்குகிறோம்.

வாசலில் நட்டால் துளிர்க்கும் முப்பது பூவரசங்கதியால் தடி சாத்தி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். மிச்சத்தை மயான வீதியோரம் நட பிரதேச செயலாளர் அம்மா அவர்கள் அனுமதி தரவேண்டும். ஆட்டுக்கு எட்டாமல் கூடு கட்டுவது என் செலவு.