ஏழு நிமிடமும் இரண்டு நிமிடமும்

அவையோருக்கு வணக்கம்.

2001 மார்ச் 13. கோபன்ஹேகன் கால்பந்துக் கழகத்தின் பயிற்சி நேரம். நார்வே நாட்டு நடுக்கள ஆட்டக்காரர் ஸ்டோலே சொல்பாக்கென் சுருண்டு விழுகிறார். வயது 33. நாடி இல்லை. கழகத்தின் மருத்துவர் ஓடிவந்து நெஞ்சை அழுத்துகிறார், விடாமல் அழுத்துகிறார். ஏறத்தாழ ஏழு நிமிடம், மருத்துவக் கணக்கில் அவர் இறந்தவர். பிறகு இதயம் மறுபடி துடித்தது. பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். நாட்டுக்காக 58 ஆட்டங்கள் ஆடியவர், அதோடு ஓய்வு பெற்றார்.

சொல்பாக்கென் என்றாலே எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் இதிலேயே தொடங்கிவிட்டேன், பொறுத்தருளுங்கள். ஆனால் அன்றைய பெருமை அந்த மருத்துவருக்கு உரியது. நான் பேச வந்தது வேறோர் ஆட்டத்தைப் பற்றி.

இடைப்பட்ட கதையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வேயின் ஹாம்காம் அணியை நாட்டின் உச்ச லீகுக்கு ஏற்றினார். கோபன்ஹேகனுக்கே பயிற்சியாளராகத் திரும்பி, இரண்டு தவணைகளில் எட்டு லீக் பட்டங்கள் வென்றார். நடுவில் ஜெர்மனியின் கொலோன், இங்கிலாந்தின் உல்வர்ஹாம்டன். இரண்டிலும் ஓராண்டு முடியுமுன் வேலை போயிற்று. 2020 இறுதியில் நார்வே தேசிய அணி அவர் கைக்கு வந்தது.

2023 ஜூன் 17, ஓஸ்லோ. யூரோ எனும் ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக்கான தகுதிச்சுற்று, எதிரணி ஸ்காட்லாந்து. நார்வேயின் நட்சத்திர முன்கள வீரர் ஹாலண்டின் பெனால்டியில் நார்வே 1-0 முன்னிலை. முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் சொல்பாக்கென் ஹாலண்டை வெளியே அழைத்தார். முன்னிலையில் இருக்கும் எந்தப் பயிற்சியாளரும் செய்வதுதான். ஆனால் ஹாலண்ட் களத்தில் நிற்கிறார் என்றாலே எதிரணித் தடுப்பாளர்கள் பின்னாலேயே கட்டுண்டு கிடப்பார்கள். கட்டு அவிழ்ந்தது. 87ஆவது நிமிடத்தில், நார்வே பின்களம் தடுமாறிய வேளையில் ஒரு கோல். 89இல் இன்னொன்று. 1-2.

யூரோ வாய்ப்பு பறிபோனது. வசவு அத்தனையும் சொல்பாக்கென் தலையில். என்னைக் கேட்டால், அவர் வென்ற எட்டுப் பட்டங்களைவிட அந்த இரண்டு நிமிடம்தான் பெரிய பாடம். நார்வே கால்பந்துச் சங்கம் அவரை விலக்கவில்லை, அவரும் போகவில்லை.

2025 நவம்பர் 16, மிலான். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். முதல் கோல் இத்தாலிக்கு. இடைவேளைக்குப் பின் நார்வேயின் நூசா சமன் செய்தார். பிறகு ஹாலண்ட்: 78இல் ஒன்று, 79இல் ஒன்று. 90 நிமிடம் தாண்டிய கடைசித் தருணத்தில் நான்காவதும் விழுந்தது, 4-1. தகுதிச்சுற்றில் எட்டு ஆட்டம், எட்டு வெற்றி, 37 கோல்கள்; உலகக் கோப்பைக்கு நார்வே தகுதி பெற்றது. நார்வே இதற்குமுன் உலகக் கோப்பை ஆடியது 1998இல், பிரான்சில். அந்த அணியின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், நடுக்கள வீரர்களின் வரிசையில் சொல்பாக்கென் பெயரும் இருக்கிறது.