புதுமையைப் பெற்றெடுப்பது நெருக்கடியே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'புதுமைக்குப் பெரிதும் காரணம் வசதியா, நெருக்கடியா?' என்பது தலைப்பு. வசதிக்காகப் பேசிய எதிரணித் தலைவர், "பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், அந்தப் பத்தில் அறிவும் ஒன்று" என்று ஒரு போடு போட்டுக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போனார். நானும்தான் தட்டினேன். ஆனால் பறந்த அறிவு எங்கே போகிறது என்று அவர் சொல்லவே இல்லை. சோற்றைத் தேடித்தான் போகிறது ஐயா!

கப்பி மீன் தெரியும்தானே? வீட்டுத் தொட்டியில் வாலை ஆட்டிக்கொண்டு திரியுமே, அதுதான். 1999இல் லேலண்ட், ரீடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தொட்டிக்குள் தடுப்பு வைத்தார்கள். புது வழி கண்டுபிடித்துப் புகுந்தால்தான் இரை. சாப்பிட்ட மீனைப் பசித்த மீன் முந்தியது. பெரியதைச் சிறியது முந்தியது. ஆணைப் பெண் முந்தியது. (மகளிர் பக்கம் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது, நன்றி.)

எதிரணித் தலைவர் கழுதைப்புலியைக் கொண்டுவந்தார். இறைச்சி வைத்துத் தாழிட்ட பெட்டியைக் காட்டில் திரிந்தவற்றைவிடக் கூண்டில் வளர்ந்தவைதான் நன்றாகத் திறந்தன, ஆகவே வசதிதான் புதுமைக்குத் தாய் என்றார். ஆய்வு உண்மை, மறுக்கவில்லை. கூண்டில் இருந்தவைக்குப் புதுப் பொருளைக் கண்டு மிரளும் குணம் குறைவு என்று அந்த ஆய்வாளர்களே காரணமும் சொன்னார்கள். அச்சம் விலகினால் கை நீளும், சரி. ஆனால் பெட்டிக்குள் இறைச்சி இல்லாமல் வெறும் பஞ்சை வைத்திருந்தால் அந்தக் கழுதைப்புலி தாழ்ப்பாளைத் தொட்டிருக்குமா?

விலங்கு போதும், மனிதனுக்கு வருவோம்.

1971. வங்கதேசப் போர். எல்லை தாண்டி லட்சம் லட்சமாக அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வருகிறார்கள். கூடவே காலராவும் வருகிறது. பங்காவ் மருத்துவமனையில் காலராவுக்கென்று இரண்டு அறைகள், 16 படுக்கைகள். தரையெல்லாம் நோயாளிகள், அவர்களைச் சுற்றி வாந்தியும் பேதியும். மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் அந்த ஈரத்தில் மண்டியிட்டுத்தான் ஊசி குத்தினார். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வருகிறது. என்ன செய்வார்? ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் எடை போட்டு, பாலிதீன் பையில் கட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடுவைத்து ஒட்டி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே டிரம்மில் கரைத்தார்கள். புகட்டியது யார்? பெரும்பாலும் நர்ஸ் இல்லை ஐயா, பெற்ற தாயும் கூடப் பிறந்தவனும்! 100க்கு 30 பேர்வரை போய்க்கொண்டிருந்த உயிர், 4க்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் ஓஆர்எஸ் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மருந்தின் பலத்தை உலகம் பார்த்தது அந்த முகாமில்தான்.

உடனே எதிரணியிலிருந்து குரல் வரும்: "சர்க்கரை இருந்தால் குடல் உப்பை உள்ளே இழுக்கும் என்பதை ராபர்ட் கிரேன் 1960இலேயே சொல்லிவிட்டார். 1968இல் டாக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். அதெல்லாம் வசதியான ஆய்வுக்கூடம் தந்த அறிவு!" ஒப்புக்கொள்கிறேன். அறிவு இருந்தது. ஆனால் எங்கே இருந்தது? ஆய்விதழ்களிலும், பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே நின்று கவனித்த வார்டுகளிலும் இருந்தது. அதை வாளிக்கும் குவளைக்கும் இறக்கி, படிக்காத தாய் கையில் நம்பிக் கொடுக்கும் துணிச்சல் எவருக்கும் வரவில்லை. சலைன் பாட்டில் நிறைய இருந்திருந்தால் மகாலனாபிஸும் பாட்டிலைத்தான் மாட்டியிருப்பார். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை, எந்த நல்ல மருத்துவரும் அதைத்தான் செய்திருப்பார்.

நம்ம ஊருக்கு வாருங்கள். புறநகர் ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு நிறுத்தத்தின் பெயர். ஒரு காலத்தில் காசநோய் என்றாலே சானடோரியம்தான்: மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, முட்டை, பால். ஆனால் நோயாளிகள் எத்தனை பேர், படுக்கை எத்தனை? கட்டுப்படியாகுமா? 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கி, 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில். மீதிப் பேர் நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலையும் பார்த்துக்கொண்டு. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டு. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகம் தொற்றவில்லை. பணக்கார நாடுகளும் சானடோரியங்களை மூட இந்த ஆய்வு பெரிய காரணம். பாலும் முட்டையும் பரிமாறிக்கொண்டிருந்தவர்களுக்கு, அது இல்லாமலும் நோய் ஆறும் என்று பாடம் நடத்தியது படுக்கை இல்லாத சென்னை!

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு ஒரே ஒரு கேள்வி. அன்றைக்குச் சென்னையில் ஆளுக்கு ஒரு படுக்கை இருந்திருந்தால், பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று சொல்ல எந்த மருத்துவருக்கு, எந்த அரசுக்கு மனம் வந்திருக்கும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.